பேரைச் சொன்னால்தான் கூடை இறங்கும்

பொன்முடிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற என் அம்மா கோமதியம்மாளுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. நிறுக்கிற இடத்தில் கணக்கன் "ஏ புள்ள, அடுத்தவ வா" என்றால் ஒருத்தியும் கூடையை இறக்க மாட்டாள். பேரைச் சொல்ல வேண்டும். மழை கொட்டினாலும் முதுகில் கூடையோடு அப்படியே நிற்பார்கள். அந்தக் கொழுப்பு எனக்கும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் ஜெயஷீலா. பழவங்காடியில் ஒரு மூன்றாம் மாடி ஆபீஸில், ஆஸ்திரேலியக்காரர்கள் பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்டு டைப் செய்கிறேன். சேர்ந்து ஆறு மாதம். வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நிரந்தரமானால் அம்மாவை இங்கே கூட்டி வந்துவிடுவேன். அவளுக்கு இடுப்பு போய்விட்டது.

எங்கள் வேலைக்கு ஒரே சட்டம்: பேசியது பேசியபடி வர வேண்டும். அவர்கள் 'ஷீ இஸ்' என்பதை 'ஷீஸ்' என்று சுருக்கினால் நாமும் சுருக்க வேண்டும். டீம் லீடர் ஸ்ரீகண்டன் சாருக்கு அது ஆகவே ஆகாது. சுருக்குவது மரியாதைக் குறைச்சலாம்.

போன வாரம் ஒரு கிழட்டு விவசாயி தன் டிராக்டரைப் பற்றிப் பேசிய பதிவு வந்தது. அந்த ஊரில் டிராக்டரும் 'ஷீ'தான், மழையும் 'ஷீ'தான். "ஷீல் பி ரைட்" என்பார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று அர்த்தம். நான் கேட்டபடியே அடித்துக் கொடுத்தேன். சார் அதைப் பார்த்து, யார் வீட்டுப் பெண்ணையோ இப்படியா பேசுவது என்று பதறி, 'ஷீ' வந்த இடத்திலெல்லாம் 'மேடம்' போட்டு அனுப்பிவிட்டார். மேடத்துக்கு வயதாகிவிட்டது, ரெண்டு உதை விட்டால் மேடம் ஓடுவார் என்று ஃபைல் போய்ச் சேர்ந்திருக்கிறது. அட கண்றாவியே!

வியாழக்கிழமை காலை, எங்களுக்குப் பதிவுகளை அனுப்புகிற ஆஸ்திரேலியக் கம்பெனியின் அம்மாள் வீடியோவில் வந்தார். யார் இப்படி மாற்றியது என்று கேட்டார்.

சார் என் பக்கம் கையைக் காட்டினார். "ஷீ டிட் இட். ஷீஸ் நியூ." மரியாதைக்காரர், அவசரத்துக்கு நன்றாகவே சுருக்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"பறயெடீ" என்று சார் மலையாளத்தில் பல்லைக் கடித்தார். பக்கத்து நாற்காலி ராஜஸ்ரீ என் காலை மிதித்தாள். "ஏதாவது சொல்லுடீ. வேலை போயிரும், கேட்டோ."

"பேரைச் சொல்லிக் கேக்கட்டும், சொல்லுறேன்."

திரையில் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "ஷீ, ஷீ என்கிறீர்களே, யார் அது? பூனையின் அம்மாவா?" எதிரிலேயே இருக்கிற பெண்ணைப் பேர் சொல்லாமல் பேசுகிறவனை அவர்கள் ஊரில் இப்படித்தான் மடக்குவார்கள். எத்தனை பதிவில் கேட்டிருக்கிறேன்!

ஆறு மாதமாக நான் சாருக்குப் 'புதிய குட்டி', இல்லாவிட்டால் 'தோட்டத்துக்காரி'. குனிந்து என் அடையாள அட்டையைப் பார்த்தார். நான் அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால், "மோளே, பேரெந்தா?" என்று கேட்டார்.

"ஜெயஷீலா."

"ஜெயஷீலா… அந்த ஃபைலைப் பத்தி மேடத்துக்குச் சொல்லு."

இதற்குத்தானே காத்திருந்தேன். நான் அடித்த முதல் பிரதியைத் திரையில் திறந்தேன். நான் முடித்த நேரமும் என் பேரும் அதில் இருந்தன. மாற்றிய பிரதியில் சாரின் பேர் இருந்தது. அந்த அம்மாள் இரண்டையும் நிதானமாகப் படித்தார். "இனி ஜெயஷீலா அடிப்பதில் யாரும் கை வைக்க வேண்டாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு சார் ஒரு கவரோடு என் மேஜைக்கு வந்தார். "இந்தா" என்றார். நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜெயஷீலா."

கழற்றினேன். கவரை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டேன். போனில் அம்மாவுக்குப் பின்னால் கணக்கன் யாரையோ கத்திக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"வேலை நிரந்தரமாயிட்டும்மா."

"பேரைச் சொல்லிக் குடுத்தாங்களா?"

"சொல்லித்தான் குடுத்தாங்க."

"அப்போ கூடையை இறக்கிடுறேன்" என்றாள் அம்மா.