வேகவைத்த மண்

ஜெயலெட்சுமிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? மாக் மண்டின் மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் தூசு துரும்பு படாமல் வேலை பார்த்த கை அது. ஆயர் ஈத்தாம் மலையடி நாற்றுப்பண்ணைக்கு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. மண்ணைத் தகர டிரம்மில் போட்டு ஆவியில் வேகவைத்து, கிருமி ஒன்றுகூட இல்லாமல் ஆக்கித்தான் மெராந்தி மரக்கன்றுகளைப் பையில் நடுவாள். அவை சாண் உயரத்தில் சோகை பிடித்து நின்றன. நேற்று வந்த காமினியின் கன்றுகளோ முழங்காலைத் தாண்டிவிட்டன!

அப்படி என்னதான் செய்கிறாள் அந்தச் சிறுக்கி? காட்டுக்குள் போய், பெரிய மெராந்தி மரத்தடி மண்ணை அள்ளிவந்து பைக்கு ஒரு பிடி போடுகிறாள். அவ்வளவுதான்.

"அதுல வெள்ளை நூலு மாதிரி பூஞ்சை இருக்குக்கா. வேருக்கு எட்டாத தண்ணி, சத்தெல்லாம் இழுத்துக் கொடுக்கும். மரம் அதுக்குச் சக்கரை கொடுக்கும். காடே அப்படித்தான் நிக்குது லா."

"ஆமா, நீ பாத்த!" ஜெயலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மண் சரிந்த மலைச்சரிவில் மரம் நடும் குழுவுக்கு யார் தலைவி என்பதை, வருடக் கடைசியில் கன்றுகளைப் பார்த்துச் சொல்வதாக மேலாளர் கமாலுதீன் அறிவித்திருந்தார். ஜெயலெட்சுமி எட்டு வருடமாகக் காத்திருந்த பதவி. ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும், பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கலந்து காமினியின் பைகளில் ஊற்றினாள். பொய் சொல்வானேன், மனசு குளுகுளுவென்று இருந்தது.

மாதங்கள் போகப் போகக் காமினியின் கன்றுகள் மஞ்சளாகிச் சுருண்டன. ஜெயலெட்சுமியின் கன்றுகள் மளமளவென்று எழும்பின. வேகவைத்த மண்ணின் மகிமை என்று ஜெலுத்தோங் பசார் காய்கறிக் கடை வரைக்கும் பீற்றிக்கொண்டாள்.

கமாலுதீன் வந்தார், பார்த்தார். "ஜெயா அக்காதான் லீடர்," என்றார். முதலில் ஓடிவந்து கையைப் பிடித்தவள் காமினி.

"எனக்குத்தான் எங்க தப்பாச்சுன்னே தெரியலக்கா. ஒங்க கன்னு வாடி நிக்கிறதைப் பாக்க முடியாம, அப்பவே ஒங்க பைக்கும் ஒவ்வொரு பிடி போட்டு வெச்சேன். திட்டுவீங்கன்னு சொல்லல. இப்ப அதுல பூஞ்சை நல்லாப் பிடிச்சிருக்கும், அதிலேருந்து எனக்கு ஒரு பிடி மண்ணு கொடுங்கக்கா. மறுபடி ஆரம்பிக்கிறேன்."

ஜெயலெட்சுமி ஒரு பையைக் கிழித்தாள். வேரைச் சுற்றி வெள்ளை நூல் பின்னிக் கிடந்தது. ஒரு பிடி அள்ளினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

"மருந்து ஊத்தி ஒன் கன்னுங்களக் கொன்னது நான்தான்டி."

கமாலுதீன் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.