வெட்டுவதற்கென்று ஒரு பத்தி

எங்கள் சங்கத்தில் ஒரு மனு எப்படித் தயாராகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் என் அக்காவுக்குச் செய்தது வெறும் துரோகமாகத் தெரியும். தெரிந்த பிறகும் துரோகம்தான். எந்த வகைத் துரோகம் என்பதாவது விளங்கும்.

எங்களுடையது இறைச்சி உற்பத்தியாளர் சங்கம். மாடு வெட்டும் ஆலைகள் பதினொன்று சேர்ந்து நடத்துவது. அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தாலும், திருத்தினாலும், சும்மா யோசித்தாலும்கூட எங்களிடமிருந்து ஒரு மனு போகும். அதை எழுதுகிறவன் நான். அலுவலகத்தில் எனக்குப் பேனா என்று பெயர். பேனாவுக்கு என்ன தெரியும், பிடித்த கை எழுதுகிறது என்று நானே சொல்லிச் சிரிப்பேன்.

எங்கள் தலைவர் எந்த வரைவையும் அப்படியே அனுப்ப மாட்டார். ஒரு பத்தியையாவது சிவப்பு மையால் அடித்தால்தான் படித்த திருப்தி வரும் அவருக்கு. முதல் வருடம் அவர் அடித்ததெல்லாம் என்னுடைய நல்ல பத்திகள். இரண்டாம் வருடம் எனக்குப் புத்தி வந்தது. ஒவ்வொரு மனுவிலும் வெட்டுவதற்கென்றே ஒரு பத்தி சேர்த்தேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாக, கொஞ்சம் நாகரிகம் குறைவாக, யார் பார்த்தாலும் வேண்டாம் என்று சொல்லும்படி. "இதெல்லாம் ஓவர்யா" என்று அவர் அதை அடிப்பார். மீதி அப்படியே போகும். ஒன்பது வருடம் இந்த ஏற்பாடு ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

என் அக்கா அரசு இறைச்சி ஆய்வாளர். எங்கள் பதினொரு ஆலைகளில் ஒன்றில்தான் இருபத்திரண்டு வருடமாக வேலை. தோல் உரித்த மாடு கொக்கியில் தொங்கியபடி லைனில் நகர்ந்து வரும். அதன் ஈரலும் நுரையீரலும் பக்கத்திலேயே ஒரு தட்டில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம். அதற்குள் ஈரலைக் கையால் அழுத்திப் பார்த்து, சந்தேகமான இடத்தைக் கத்தியால் கீறிப் பார்த்து, ஒன்று நீல முத்திரை குத்த வேண்டும், இல்லையென்றால் ஒதுக்க வேண்டும். "மேல பளபளன்னு இருக்கும்டா, உள்ள அமுக்கினாத்தான் சீழ் தெரியும். மனுஷங்க மாதிரியேதான்" என்பாள்.

நான் சங்கத்தில் சேர்ந்த அன்று, "நீ முதலாளிக்கு வக்கீலா, மாட்டுக்கு வக்கீலா?" என்று கேட்டாள். சம்பளம் கொடுப்பவருக்கு என்றேன். "அப்ப மாடு பாவம்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். வேலை விஷயத்தில் எதிரெதிர்ப் பக்கம் என்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு மாதிரிதான் இருந்தது. அம்மா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து என்னைக் குளிப்பாட்டித் தலைசீவி, பள்ளிக்கூடத்து அட்டையில் கையெழுத்துப் போட்டதெல்லாம் இந்தப் பத்து வயது மூத்தவள்தான். அப்படிப்பட்டவளோடு எதிர்ப்பக்கம் நின்றாலும் அது எதிர்ப்பக்கமாகவே தோன்றாது.

போன வருடத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டில் இருந்தேன். அத்தான் இறந்த பிறகு ஞாயிறு தவறாமல் போய்விடுவேன். என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் ஊசியைக் கீழே வைத்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. வலது கையில ரெண்டு விரல் மரத்துப் போச்சு."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். ஆலைக் குளிர்ல நின்னு ஒரே வேலையைச் செஞ்சு செஞ்சு நரம்பு நசுங்கிடுச்சாம். திரும்பி வராதுன்னுட்டார்."

"அப்ப எப்படி வேலை பாக்கற?"

"இடது கையால அமுக்கிப் பாக்கறேன், வலது கையால கீறறேன். இதுவரைக்கும் ஒண்ணும் தப்பல. ஆனா ஒவ்வொரு தட்டு வரும்போதும் பயமா இருக்குடா." பாதி தைத்த பொத்தானை இடது கையால் இழுத்துப் பார்த்தாள். "நான் இப்ப ஒதுங்கினா என் இடத்தைக் காலியாவே விட்டுடுவாங்க. புது ஆள் எடுக்கறதா சொல்லியிருக்காங்க. வந்ததும் கத்துக் குடுத்துட்டு நானே எழுதிக் குடுத்துடுவேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

"அதனாலதானே உன்கிட்ட சொல்றேன்" என்று ஊசியை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அரசு ஒரு புதிய விதியை முன்வைத்தது. உண்மையைச் சொன்னால் முன்வைக்க வைத்தவர்கள் நாங்கள்தான். ஆய்வாளர்கள் இனிமேல் இறைச்சியைத் தொடவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். தொடுகிற வேலை இல்லாததால் லைன் வேகமாக ஓடலாம், நான்கு ஆய்வாளர் இருக்கிற இடத்தில் இரண்டு பேர் போதும். பொதுமக்கள் கருத்துக் கேட்க ஒரு தேதி குறித்தார்கள். ஆய்வாளர்கள் தரப்பில் பேசுவதற்கு அக்காவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இந்த விதி வராமல் நின்றுபோனால்தான் புது ஆள் எடுப்பார்கள் என்று அவள் மலைபோல் நம்பியிருந்தாள்.

எங்கள் மனுவில் இரண்டு நல்ல பத்திகள் எழுதினேன். நம்மிடம் இறைச்சி வாங்கும் நாடுகள் ஏற்கெனவே கண்பார்வை முறைக்கு மாறிவிட்டன, நாம் மாறாவிட்டால் சந்தை கைநழுவும் என்பது ஒன்று. ஒரு மாட்டைக் கீறிய கத்தியே அடுத்த மாட்டுக்குக் கிருமியைக் கொண்டுபோகிறது என்பது இன்னொன்று. இரண்டாவது முழுப் பொய் என்று அக்காகூடச் சொல்ல மாட்டாள்.

மூன்றாவதாக, வெட்டுவதற்கென்று ஒரு பத்தி வேண்டியிருந்தது. அன்று எனக்கு எதுவும் ஓடவில்லை. கடைசியில் இப்படி எழுதினேன்: "தற்போதைய முறை முழுவதும் ஆய்வாளரின் விரல் உணர்வையே நம்பியுள்ளது. அவ்வுணர்வை இழந்த மூத்த ஆய்வாளர்கள் அதை மறைத்துப் பணியில் தொடர்வதாகவும் அறிகிறோம்." ஒருத்தியைப் பல பேராக்கியிருந்தேன். எங்கள் தொழிலில் அதற்கு மரியாதைப் பன்மை என்று பெயர்.

தலைவர் நிச்சயம் அடித்துவிடுவார் என்றுதான் எழுதினேன். இதைப் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் எழுதி முடித்துப் படித்தபோது, மனுவிலேயே கூர்மையான பத்தி இதுதான் என்று உள்ளுக்குள் ஒருவன் சந்தோஷப்பட்டான். அவனையும் நான்தான் சோறு போட்டு வளர்க்கிறேன்.

தலைவர் சந்தைப் பத்தியை அடித்தார். "வெளிநாட்டுக்காரன் சொல்லி நாம செய்யற மாதிரி ஆயிடும்யா, வேண்டாம்." பிறகு மூன்றாவது பத்தியில் விரலை வைத்தார். "இது பாயிண்ட். இவ்வளவு நாளா இப்படி ஒண்ணு நீ எழுதினதே இல்லையே. உண்மைதானா?"

அந்த இடத்தில் நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கேள்விப்பட்டதுதான், நிச்சயமில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் தங்கமான மனிதர், எடுத்துவிடு என்றிருப்பார். ஆனால் பத்து வருடத்தில் முதல் தடவையாக ஒரு மனிதர் என் எழுத்தைப் பாராட்டினார். நான் தலையாட்டினேன்.

வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். எங்கள் ஆலைகளில் கடாக்கள் பாய்வதில்லை, வரிசையாகத் தொங்குகின்றன. பாய்வதற்கு என்னைப்போல் வெளியே ஆட்கள் இருக்கிறோம்.

கருத்துக் கேட்பு அமைச்சக மாடியில் ஒரு நீளமான அறையில் நடந்தது. உள்ளே நுழைகிறபோதே எல்லாத் தரப்பு மனுக்களையும் ஒரே கோப்பாக எல்லாருக்கும் கொடுத்தார்கள். நான் தலைவருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வரிசையில் அக்கா. சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோப்பை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தாள். எங்கள் மனுவுக்கு வந்தாள். ஒரு பக்கம் திருப்பினாள். அதற்கு மேல் திருப்பவில்லை. அந்த வரியை மறுபடி படிக்கிறாள் என்பது உதட்டசைவில் தெரிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். என் பக்கம் பார்ப்பாள், பார்ப்பாள் என்று செத்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை.

அவள் முறை வந்ததும் தலைமை அதிகாரியான அம்மாள், பேசுவதற்கு முன் ஒரு கேள்வி என்றார். எங்கள் பத்தியை உரக்கப் படித்தார்.

"இப்படி ஆய்வாளர்கள் இருக்கறது உண்மையாம்மா?"

தெரியாது என்று சொல்லிவிடு அக்கா என்று எனக்குள் கத்தினேன். பாவி, எழுதும்போது கத்தாதவன்.

"பல பேர் இல்லைங்க. ஒருத்தர்தான். நான்தான் அது" என்றாள்.

அறை முழுக்க ஒரு சலசலப்பு. தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவள் என் அக்கா என்பது அவருக்குத் தெரியாது.

"மேலதிகாரிகிட்ட சொன்னீங்களா?"

"இல்லைங்க. தப்புதான். ரெண்டு விரல் போச்சு, மீதி எட்டும் நல்லா இருக்கு. அந்த ரெண்டு போனதே ஆள் பத்தாமத்தாங்க. அதைச் சொல்லத்தான் இன்னிக்கு வந்தேன். ஆள் கூட்டுங்க, வேகத்தைக் குறைங்கன்னு."

"நீங்களே சொல்லாத விஷயம் சங்கத்துக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அப்போதும் அவள் என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு வாய் நீளம்ங்க. ஆலையில எல்லார்கிட்டயும் சொல்லிப் புலம்பிக்கிட்டுதான் இருந்தேன். யாரு வேணும்னாலும் சொல்லியிருக்கலாம்."

அதற்குப் பிறகு அவள் எழுதிக்கொண்டு வந்திருந்ததைப் படித்தாள். நல்ல எழுத்து. வெட்ட ஒரு பத்தி இல்லை. யாரும் கேட்கவில்லை. எல்லார் கண்களும் தாளைப் பிடித்திருந்த அந்தக் கையின் மேலேயே இருந்தன.

படிக்கட்டில் ஓடிப்போய்ப் பிடித்தேன். பத்தி வைக்கும் வழக்கத்தை, தலைவரின் சிவப்பு மையை, எல்லாவற்றையும் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். அவள் கைப்பிடியில் சாய்ந்தபடி முழுவதும் கேட்டாள்.

"அது வெட்டறதுக்குன்னே எழுதினதுக்கா. அவர் வெட்டிடுவார்னு நெனச்சேன்."

"வெட்டறதுக்கு வேற எதுவும் கெடைக்கலியாடா உனக்கு?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. "மணி ரெண்டாச்சு, போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

விதி ஆறு வாரத்தில் அமலுக்கு வந்தது. லைன் வேகமாக ஓடுகிறது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை; ஆகியிருந்தாலும் எந்த மாட்டால் ஆனது என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஆலையில் இப்போது இரண்டு ஆய்வாளர்கள். இரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்க்கிறார்கள். அக்காவுக்கு உடல் தகுதி இல்லை என்று கடிதம் கொடுத்து, ஏற்றுமதிச் சான்றிதழில் முத்திரை குத்தும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். தான் பார்க்காத இறைச்சிக்கு, பார்த்தேன் என்று ஒரு நாளைக்கு முந்நூறு முத்திரை குத்துகிறாள். தலைவர் எனக்குத் தனி அறை கொடுத்தார்.

நான் வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் போகிறேன். அவள் கதவைச் சாத்தவில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. சாப்பாடு போடுகிறாள், தண்ணீர் வரவில்லை என்கிறாள், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொல்கிறாள். முன்பெல்லாம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறவள்.

போன வாரம் எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி இடது கையில் இருந்தது. வலது கையை முந்தானைக்குள் விட்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்தபோதும் அதே இடது கைதான்.

"கை எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாயிடுச்சு. இப்ப ஒண்ணும் இல்ல" என்றாள், ஒரு விருந்தாளியிடம் சொல்கிற மாதிரி.

அன்று அந்த அறையில் எனக்காக ஒரு பொய் சொன்னாள். ஆனால் என்னிடமே அவள் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. சந்தோஷம்க்கா என்று சொல்லிவிட்டு, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.