புரட்டிப் போட்ட பலகை

வாரம் ஆறு நாள் சலவைக் கடையில் ஊரார் சட்டையைத் தேய்ப்பவள், ஏழாம் நாளாவது இஸ்திரிப்பெட்டியைத் தொடாமல் இருப்பாள் என்று யாராவது நினைத்திருந்தால், அவர்களுக்கு இவளைத் தெரியாது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து, செம்பு பூசிய பலகை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பலகை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதன்மேல் வழவழப்பான தாளில் அச்செடுத்த கோடுகள் கவிழ்ந்து கிடந்தன. சூட்டில் மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். மை படாத செம்பையெல்லாம் மருந்துத் தண்ணீர் தின்றுவிடும். மிஞ்சுகிற கோடுகளில்தான் மின்சாரம் ஓடும். கிட்டார் வாசிப்பவர் காலால் மிதிக்கிற பெட்டிக்குள் போகவேண்டிய பலகை இது. மிதித்தால் கிட்டார் உறுமும்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் அது உறுமியே ஆகவேண்டும். அவள் புருஷன் பஸ் டிரைவர். டிப்போ மண்டபத்தில் அன்று அவர்கள் குழுவின் கச்சேரி. கடைசிப் பாட்டில் அரை நிமிஷம் அவர் தனியாக வாசிக்கவேண்டும். அதற்காக நாலு மாசமாக மனுஷன் தூக்கத்தில்கூட விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். பழைய பெட்டியோ வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டது. குழுவுக்குத் தலைவன் அவளுடைய சொந்த அண்ணன்தான், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஊருக்கெல்லாம் பிரேக் போடக் கற்றுக்கொடுப்பான், தன் வாய்க்கு மட்டும் போடமாட்டான்.

"மாப்ள, உறுமல் இல்லாட்டி அந்த இடத்த கீபோர்டுக்குக் குடுத்துடறேன். கோச்சுக்காதீங்க."

"அதனால என்ன மச்சான்" என்று சிரித்துவிட்டு வந்தவர் ராத்திரி சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. "நான் செஞ்சு தர்றேங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். வீட்டு ரேடியோ ரிப்பேரெல்லாம் அவள் கையால்தான்; பெட்டிக்கான கோட்டுப் படத்தையும் இணையத்தில் தேடி எடுத்துவிட்டாள்.

தாளை ஊறவைத்து உரித்தாள். கோடு ஒன்றுகூட அறுபடவில்லை. துருநிற மருந்துத் தண்ணீர் இருந்த பிளாஸ்டிக் டப்பாவில் பலகையைப் போட்டுப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"தொட்டில் ஆட்டற மாதிரி ஆட்டுங்க. தெறிச்சா கறை போகாது, என் தொழிலுக்கே அவமானம்."

"பதினஞ்சு டன் பஸ்ஸ ஆடாம ஓட்டறவன்டி நான்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் பனியனில் மூன்று சொட்டு விழுந்தது.

"ஆமா, பஸ்ஸுதான் ஆடாது."

மதியம் ஒரு மணிக்குத் துளை போட்டு முடித்து, எட்டுக் கால் சிப்பைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சாமான்கள் உட்காரும், செம்பில்லாத மேல்பக்கத்திலிருந்து பார்த்தால் முதல் கால் போகவேண்டிய துளை இடப்பக்கம் இருக்கவேண்டும். வலப்பக்கம் இருந்தது.

"அடக் கடவுளே! பழக்க தோஷத்துல மாத்தி அச்செடுத்துட்டேங்க."

கடையில் சீருடைகளுக்குப் பெயர் ஒட்டுவதும் அவள் வேலைதான். அதற்கு எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றித்தான் அச்செடுக்கவேண்டும். இந்தப் படமோ பலகையின் மேல்பக்கமிருந்து பார்ப்பதுபோல் வரைந்தது; இருந்தபடியே அச்செடுக்கவேண்டியது. எட்டு வருஷப் பழக்கம், கை தானாக இடவலம் மாற்றும் பொத்தானை அமுக்கிவிட்டது. வேறு பலகை இல்லை, மருந்தும் தீர்ந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கடையும் கிடையாது.

"விடு, கீபோர்டுல வாசிச்சாலும் பாட்டு பாட்டுதான்" என்றார் அவர். குரல் மட்டும் பஞ்சர் ஆகியிருந்தது.

அவள் அவருடைய கறை பட்ட பனியனைத் துவைக்கப் போடலாமென்று எடுத்து, வழக்கம்போல் உள்பக்கம் வெளியே வரப் புரட்டினாள். புரட்டியதையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, சாமானையெல்லாம் செம்பு பக்கமே வெச்சா? பலகையப் புரட்டிட்டா இடதும் வலதும் தானா மாறிடும்ல!"

வைத்துப் பார்த்தாள். முதல் கால் இடப்பக்கமே வந்து உட்கார்ந்தது. வைத்த பக்கத்திலேயே ஈயம் உருக்கிப் பற்ற வைப்பது பெரும் தொல்லை; ஒவ்வொன்றையும் கால் தூக்கி நிறுத்தி, அடியில் சூட்டுக்கோலின் ஊசி முனையை நுழைக்கவேண்டும். காலர் மூலைக்குள் இஸ்திரி மூக்கை நுழைத்துப் பழகிய கை அவளுடையது. நாலு மணிக்கு வேலை முடிந்தது. எல்லாம் எக்கிக்கொண்டு நின்றதால் மூடிதான் சேரவில்லை. பாவாடை எலாஸ்டிக்கைச் சுற்றிக் கட்டி அனுப்பினாள்.

கடைசிப் பாட்டில் அவர் பெட்டியை மிதித்தார். மண்டபத்து ஜன்னல் கண்ணாடி அதிரக் கிட்டார் உறுமியது. அந்த அரை நிமிஷமும் அவள் மூச்சுவிட்டாளா என்பது சந்தேகம். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். முடித்ததும் கூட்டத்தில் அவளைத்தான் தேடினார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கச்சேரி முடிந்ததும் அண்ணன் பெட்டியைத் தூக்கி, எலாஸ்டிக்கை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"என்ன தங்கச்சி, எல்லாம் தலைகீழா இருக்கு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் புருஷன் முந்திக்கொண்டார். "அதுலதான் மச்சான் விஷயமே இருக்கு."

"அதானே பார்த்தேன்! கடையில வாங்கினதுல இந்தச் சத்தம் வரவே வராதே. மாப்ள, அடுத்த கச்சேரியில மொதப் பாட்டுலயும் நீங்க தனியா வாசிக்கறீங்க. தங்கச்சி, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு. இதே மாதிரிதான் வேணும். நேரா கீரா செஞ்சு கெடுத்துடாத."

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், ஓட்டவேண்டிய வேலை இல்லாமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் அவளருகே உட்கார்ந்திருந்தார்.

"மறுபடியும் இதே மாதிரி தப்பா செய்ய வருமா உனக்கு?"

"அதெல்லாம் எனக்குக் கைவந்த கலை" என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.