கோர்ட்டில் நிற்காத தண்ணீர்

முதல் அடி ஜெயபிரகாஷின் முழங்கையில் விழுந்தது. அடித்தது இரும்புக் குழாயால். எலும்பு முறிந்த சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த தாட்சாயணிக்குக் கேட்டது.

சித்தூருக்கு வெளியே, ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியின் பின்சுவரை ஒட்டி ஓடும் ஓடை அது. சீசனில் கழிவு முழுக்க அதில்தான் இறங்கும். தண்ணீர் பழுப்பாக நுரைத்து, புளித்த வாடை அடிக்கும். தாட்சாயணியும் ஜெயபிரகாஷும் ஊரில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார்கள். மாதாமாதம் ஓடைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து, சோதித்து, அறிக்கை எழுதுவது அவர்கள் வேலை. அன்று எடுத்ததுதான் கடைசி முறையாக இருந்திருக்க வேண்டும். பொதுக் கொள்கை முதுகலை படிக்க இருவரும் சேர்ந்து டெல்லிக்குப் போவதாகப் பேசி வைத்திருந்தார்கள்.

"கொட்டண்டிரா" என்று சுவருக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. அடிக்கச் சொன்னது ஃபேக்டரிக்குக் கூலியாட்களை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரி வேதாச்சலம். கீழே நான்கு பேர். இரண்டாவது அடியில் ஜெயபிரகாஷ் ஓடைக்குள் குப்புற விழுந்தான். ஒருவன் அவன் விலாவில் உதைத்தான். இன்னொருவன் அவன் பின்னந்தலையில் காலை வைத்து நுரைக்குள் அழுத்தினான். ஜெயபிரகாஷின் கால்கள் தண்ணீரை அடித்தன. பிறகு அடிப்பது குறைந்தது.

தாட்சாயணி குனிந்து கையில் அகப்பட்ட கல்லை எடுத்து எறிந்தாள். அது மிதித்துக்கொண்டிருந்தவனின் இடது கண்ணில் பட்டது. அவன் கத்தவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். விரல்களுக்கு நடுவில் ரத்தம் வந்தது. மற்ற மூவரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அவள் ஜெயபிரகாஷைப் புரட்டிக் கரைக்கு இழுத்தாள். இன்னொரு கல் அவள் கையில் அப்படியே இருந்தது. அதையும் எறிந்திருக்கலாம் என்று தோன்றியது. எறிய ஆசையாகவே இருந்தது. பிற்பாடு யோசித்தபோது, பார்த்த எல்லாவற்றையும்விட அந்த ஆசைதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

ஜெயபிரகாஷைத் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். முழங்கையில் பிளேட் வைத்தார்கள். அடிபட்ட கூலியாளும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தான். அவன் பெயர் கங்கையா, சத்தியவேடு பக்கத்து ஆள். கண்ணை எடுத்துவிட்டார்கள். போலீஸ் இரண்டு பக்கமும் கேஸ் போட்டது.

நிறுவனத்தின் வக்கீல் கிருஷ்ணப்பா ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து அவளுக்கு நிலைமையைச் சொன்னார்.

"மேஸ்திரி ராஜிக்கு வர்றான்மா. நீங்க அடிதடி கேஸ வாபஸ் வாங்கணும். அவங்க கண்ணு கேஸ வாபஸ் வாங்குவாங்க."

"ஓடைத் தண்ணி விஷயம்?"

"அது கோர்ட்ல நிக்காது. அதிகாரம் இருக்கிற ஆபீசர் வந்து, ஃபேக்டரிகாரன் எதிர்ல எடுத்து, சீல் வெச்சாத்தான் சாட்சி. நீங்க எடுத்தத மீட்டிங்ல காட்டலாம். அவ்ளோதான்."

தாட்சாயணி டீயைத் தள்ளி வைத்தாள். எதற்கும் உதவாத ஒரு பாட்டிலுக்காக ஒருவன் கை போயிருக்கிறது, இன்னொருவன் கண் போயிருக்கிறது. டெல்லி நேர்காணலில், படித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டபோது, "ஆதாரம் உருவாக்குவேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவளுக்குப் பெங்களூரிலும் ஓர் இடம் கிடைத்திருந்தது. டெல்லியில் புள்ளிவிவரமும் பொருளாதாரமும். அங்கே படித்தவர்கள் ஆலோசனை நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி அமைப்புகளுக்கும் போனார்கள், சிலர் வெளிநாட்டுக்கும். பெங்களூரில் சட்டமும் நிர்வாகமும். ஒரு பருவம் முழுக்க அரசாங்க ஆபீசில் வேலை. அங்கே படித்தவர்கள் மாநகராட்சியிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களிலும் இருந்தார்கள். கல்லூரியின் பெயருக்காகவும், ஜெயபிரகாஷுக்காகவும் அவள் டெல்லி என்று சொல்லியிருந்தாள்.

அவளுடைய நைனா தாமோதரன் நகரியிலிருந்து பஸ்ஸில் வந்தார். மகளின் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கையெழுத்து போட்டுடும்மா. டெல்லிக்கே போயிடு. எவ்ளோ தூரமோ அவ்ளோ நல்லது" என்றார்.

ஜெயபிரகாஷும் அதையேதான் சொன்னான்.

"ராஜி பண்ணிடு தாட்சா. எனக்கு இனிமே ஓடை வேணாம். கண்ண மூடுனா மூக்குல நொர ஏறுது. நான் கம்ப்யூட்டர் எதிர்ல உக்காந்து நம்பர் பாத்துக்கினு இருக்கறேன். அதுவும் வேலதானே?"

"வேலதான். உன்ன யாரு தப்பு சொன்னா?"

"அப்ப நீ?"

"இன்னும் தெரியல. கண்ணு போன அந்தாளப் பாக்கணும்."

கண் வார்டின் வாசலில் அவளைப் பார்த்ததுமே கங்கையாவின் மனைவி வெங்கடலட்சுமி எழுந்து வந்து அறைந்தாள். மறுபடி அறைந்தாள். நகம் கன்னத்தைக் கிழித்தது. தாட்சாயணி கையைத் தூக்கவில்லை.

"ஃபேக்டரிய மூடறதுக்குத்தானே நீங்க அலயறீங்க? மூடிட்டா சீசன்ல நாங்க இன்னாத்த துன்றது? சொல்லிட்டுப் போ."

அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. சீசன் கூலிகளைப் பற்றி அவர்கள் ஒரு வரிகூட எழுதியதில்லை.

"விடுடீ" என்றான் கங்கையா. பாதி முகம் கட்டுக்குள் இருந்தது.

தாட்சாயணி கட்டில் அருகில் போனாள். "கல்லு போட்டது நான்தான்."

"தெரியும். பாத்துக்கினுதானே இருந்தேன்." கங்கையா கட்டைத் தொட்டுப் பார்த்தான். "பாட்டில ஒடச்சிட்டு வாங்கடான்னுதான் மேஸ்திரி மொதல்ல சொன்னான். அப்பறம் மேலருந்து அடிங்கடான்னு கத்தனான். எறங்கனதும் எல்லாருக்கும் வெறி ஏறிடிச்சி. அந்தப் புள்ள தலய மெதிச்சது நான். செத்திருப்பான்."

"மேஸ்திரி வந்து பாத்தானா?"

"பேப்பர்ல கைநாட்டு வாங்க ஆள அனுப்சான். கண்ணு எப்டி கீதுன்னு கேக்கல."

"நான் ராஜிக்கு வரமாட்டேன். கல்லு போட்டத ஸ்டேஷன்ல சொல்லிட்டேன், கோர்ட்லயும் சொல்வேன். உங்கள அனுப்புனது யாருன்னு நீங்க சொல்லுங்க."

கங்கையா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அன்று மாலை அவள் பெங்களூர் இடத்தை உறுதி செய்தாள். கிருஷ்ணப்பாவுக்குக் கோபம் வந்தது. "கேஸ் தலைமேல இருந்தா கவர்ன்மென்ட் உத்யோகம் கஷ்டம்மா. அந்தப் படிப்புக்குப் போறதா இருந்தா ராஜி பண்ணு. ராஜி வேணாம்னா டெல்லிக்குப் போ. ரெண்டும் வேணும்னா எப்டி?"

"ராஜி பண்ணிட்டு ஆபீசரா ஆனா, அதே மேஸ்திரி எதிர்ல போய் எப்டி சார் தண்ணி எடுப்பேன்? என் கையெழுத்து அவன்கிட்ட இருக்கும்."

அவர் ஃபைலைக் கட்டினார்.

ஜெயபிரகாஷ் ரேணிகுண்டாவில் டெல்லி ரயில் ஏறினான். கை கழுத்துக் கட்டில் தொங்கியதால் அவளே அவன் பெட்டியை உள்ளே வைத்தாள். "அங்க வந்திருக்கலாம் நீ" என்றான். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ரயில் நகர்ந்த பிறகும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

கேஸ் சித்தூர் கோர்ட்டில் முதல் தடவை வந்தபோது அவள் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். கங்கையா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். அவன் போலீசில் மேஸ்திரியின் பெயரைச் சொல்லிவிட்டதாகக் கிருஷ்ணப்பா சொன்னார். வாய்தா போட்டு அனுப்பிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில், பட்டப்பகலில், வேதாச்சலத்தின் ஆட்கள் கங்கையாவைப் பிடித்தார்கள். கண் இல்லாத பக்கமாக வந்ததால் அவனுக்குத் தெரியவில்லை. தூணில் மோதவிட்டு, விழுந்தவன் வாயில் செருப்புக் காலால் உதைத்தார்கள். தாட்சாயணி ஓடிப்போய் நடுவில் விழுந்தாள். முதுகில் ஓர் உதை விழுந்தது, கழுத்தில் ஒன்று. அவள் கங்கையாவின் தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, அடித்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டிரைவர்கள் கத்திக்கொண்டு வரவும் அவர்கள் நடந்தே போனார்கள், ஓடவில்லை.

கோர்ட்டுக்குக் கூட வந்திருந்த வெங்கடலட்சுமி தன் முந்தானையைக் கிழித்துப் புருஷனின் உதட்டில் அழுத்தினாள். தாட்சாயணியை முதன்முறையாகக் கோபமில்லாமல் பார்த்துக் கேட்டாள்.

"நீ இன்னாவோ படிச்சிக்கினு கீறியாமே. ஆபீசராவியாமே. எப்ப முடியும்?"

"ரெண்டு வருஷம்."

"அதுவரிக்கும் நாங்க?"

தாட்சாயணி எழுந்து, கங்கையாவின் ஒரு பக்கத் தோளைப் பிடித்தாள். மறுபக்கம் வெங்கடலட்சுமி பிடித்தாள். மூவருமாகப் போலீஸ் ஸ்டேஷனை நோக்கி நடந்தார்கள்.