கன்னிகாவின் மைனஸ் கணக்கு

திருப்பதி ரேணிகுண்டா சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனி, ஆட்கள் எழுதிக் குவித்த புரோகிராம் வரிகளின் பாரம் தாங்காமல் இரண்டே வருடத்தில் ஒரு முழு மாடி மண்ணுக்குள் இறங்கியது. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. மாடி ஜன்னலை வாசலாக்கிக்கொண்டார்கள், படி ஏறுகிற வேலை மிச்சம். மேனேஜர் ஹரிபாபு மாசாமாசம் வரிகளை எண்ணுவார், குறைந்தவரை வீட்டுக்கு அனுப்புவார். அப்புறம் கேட்க வேண்டுமா! ஒரு வரியில் முடிவதைப் பத்தாக உடைத்தார்கள், பக்கத்து ஃபைலில் இருந்ததை அப்படியே காப்பியடித்தார்கள், ஒன்றுமே தோன்றாவிட்டால் என்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நகரியிலிருந்து தினம் ரயிலில் வந்துபோன கன்னிகாவிடம், சித்தூர் மாங்கூழ் ஆலைகளில் லாரிகளுக்கு டோக்கன் போடும் புரோகிராம் வந்து சேர்ந்தது. அவள் எழுதவில்லை, அழித்தாள். சும்மா கிடந்த வரிகள் போகப் போக, கட்டடம் சாண் சாணாக மேலே வந்தது. வேலை செய்கிற வரிக்கு எடையே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மாசக் கடைசியில் ஹரிபாபுவுக்குத் தலை சுற்றியது. “ஏம்மா, எல்லாரும் ஆயிரக்கணக்குல எழுதிக்கினு இருக்காங்க, நீ மைனஸ்ல நிக்கிற. நாளைலருந்து வராத.”

அந்த நேரம் பார்த்து அவள் நைனா புருஷோத்தமன் போன் செய்தார். சீசன் நெரிசலில் டோக்கன் புரோகிராம் நின்றுபோய், தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய லாரிகள் சாலை நெடுக வரிசையில் கிடந்தன, அவருடையதும் அதிலே. “பழம்லாம் அழுவிக்கினு கீதும்மா,” என்றார். கன்னிகா போனை வைக்காமலே திரும்பினாள். “எண்ணுங்க சார், வேணாங்கல,” என்று ஹரிபாபுவின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். “எந்த வரிய எடுத்தா வேலை நின்னுபோவுமோ, அத மட்டும் எண்ணுங்க!” நாற்பது இடத்தில் காப்பியடிக்கப்பட்டு, ஒன்றுக்கொன்று காத்துக் கிடந்த ஒரே டோக்கன் கணக்கில் ஒரு காப்பியை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஒரே தட்டலில் அழித்தாள்.

கட்டடம் ஒரு குலுக்குக் குலுங்கியது. பழைய வாசல் மண்ணை உதறிக்கொண்டு வெளியே வந்தது. அதோடு நின்றதா? தரையை விட்டே இரண்டடி எழும்பியது! போனில் நைனா கத்தினார்: “டோக்கன் வந்துச்சும்மா, வண்டி உள்ள பூந்துக்கினு கீது!” கன்னிகா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

மின்சாரக்காரர்கள் வந்து வயரை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது மாசக் கடைசியில் ஹரிபாபு யார் வரியையும் எண்ணுவதில்லை. ஸ்கேலோடு வெளியே போய், கட்டடத்துக்கும் தரைக்கும் நடுவில் குனிந்து அளக்கிறார். பக்கத்தில் நிற்கும் கன்னிகா, “இன்னும் ஏறும் சார்,” என்கிறாள்.