இலவசத்துக்குப் பேரம்

தம்பியின் அலுவலக நாற்காலி அக்காவுக்குச் சுட்டது. உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். இரும்புக்கடைக் கணக்கு எழுதுகிறவள் அவள். கணக்கு மென்பொருளில் சிக்கி முழிப்பவர்களுக்காக அவள் தொடங்கிய, யாரும் எழுதித் திருத்தக்கூடிய விக்கித் தளம், இத்தனை வருடமும் இந்த மேசைக் கணினியில் ஓசிக் குடித்தனம் இருந்தது. தம்பி வேலையை விட்டுவிட்டான். இன்று சாயங்காலம் அலுவலக ஆட்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிரதி எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம்தான். கதவடைத்த கடையில் சரக்கு இருந்தென்ன? வருடக் கணக்கு முடிக்கும் வாரம், தேடி வருகிறவன் எங்கே போய் முட்டுவான்?

"விளம்பரம் போடற இலவசத் தளம் இருக்கேக்கா."

"கணக்குக் கேட்டு வர்றவன் முன்னாடி சூதாட்ட விளம்பரம் ஆடும். மானம் கப்பலேறிடும்டா."

"அப்ப வாடகைக்கு இடம் எடு."

"பாராட்ட ஆயிரம் பேரு வருவான். பங்கு கேட்டுப் பாரு, அத்தனை பேருக்கும் சிக்னல் போயிடும்."

அப்போதுதான், தளம் மூடப்போவதாக அவள் போட்ட அறிவிப்பைப் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கு மென்பொருள் கம்பெனிக்காரர் போனில் வந்தார். "எங்க தளத்துலயே இடம் தர்றோம் மேடம். காலத்துக்கும் இலவசம்."

விலை சொல்கிறவனை மடக்கலாம். சொல்லாதவன் எதில் கைவைப்பான் என்று யாருக்குத் தெரியும்?

"சரி, பதிலுக்கு நாங்க எதை நீக்கணும்?"

மறுமுனை கனைத்தது. "ஒரே ஒரு பக்கம்தான். 'புது அப்டேட் போடுமுன் நில்லுங்க.' அது கொஞ்சம் பழசு பாருங்க."

அவளுடைய கையிருப்புக் கணக்கை அப்டேட் விழுங்கிய அன்று, அழுதுகொண்டே எழுதிய பக்கம். அதிகம் பேர் படிப்பதும் அதைத்தான்.

"அது இருக்கும். இல்லேன்னா வேண்டாம்." வைத்துவிட்டாள்.

தம்பி தலையில் கைவைத்தான். "ஓசியில குடுக்கறவன்கிட்ட பேரமா?"

"பொறுடா. வேண்டாம்னு நாலடி நடந்தா பின்னாலேயே கூப்பிடுவான். அப்பா கடையில நானே எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கேன்!"

நடந்தாள். அறை முடிந்தது. திரும்பி நடந்தாள். போன் மூச்சுவிடவில்லை. பிறகுதான் உறைத்தது: கூப்பிடுகிறவன் சரக்கைத் தள்ளியாக வேண்டியவன், இவனுக்கு விற்க என்ன இருக்கிறது?

"விக்கியைப் பூட்டிடவாக்கா? யாரும் திருத்தாம பூட்டினாத்தான் முழுசாப் பிரதி எடுக்க முடியும். இடத்தை அப்புறம் பாப்போம்."

திரையில் எட்டிப் பார்த்தாள். அந்த 'நில்லுங்க' பக்கத்தின் தலையில் மஞ்சள் பட்டை: ஒருவர் திருத்திக்கொண்டிருக்கிறார். பெயர் இல்லை.

"இரு. எழுதி முடிக்கட்டும்."

"அக்கா, வந்துட்டாங்க!"

நடைவழியில் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டபடி நெருங்கியது. எங்கோ ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தார். அவள் மேசைக்கும் கதவுக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள்.