நீலம் எரியும் இடம்

சர்வர் கூடத்தின் கடைசிச் சந்தில் அவள் குனிந்தும் நிமிர்ந்தும் நடந்துகொண்டிருந்தாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. ஆள் உயர அலமாரிகளில் அடுக்கிய கணினிப் பெட்டிகள் ஒன்றுசேர்ந்து இரைந்ததில், பக்கத்தில் நின்று கத்தினால்தான் பேச்சு கேட்கும். காது உதவாத இடத்தில் கண்தான் எல்லாம். பச்சை எரிந்தால் நலம். பச்சை சிமிட்டினால் வேலை நடக்கிறது. ஆரஞ்சு எரிந்தால் கோளாறு. வீட்டில் அயர்ன்பாக்ஸ் விளக்கு எரிந்தால்கூட அவள் நின்று முறைத்துவிட்டுத்தான் போகிறாள் என்று கணவர் கேலி செய்வார்.

இவை போக நீலம் ஒன்று உண்டு. அது தானாக எரியாது. வேறெங்கோ, பெட்டிகளுக்குச் சொந்தக்காரக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர் தன் திரையிலிருந்து எரியவிடுவார். தொலைவிலிருந்து நீட்டும் சுட்டுவிரல் அது. நீலம் எரியாத எதையும் கூடத்து ஆட்கள் தொடக்கூடாது. எரிவதை எடுக்கத் தயங்கவும் கூடாது. அந்த இன்ஜினியரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, ஹெட்போனில் குரல் மட்டும்தான் வரும். அதனால் கூடத்தில் அவருக்கு அசரீரி என்று பெயர்.

அவள் ஒப்பந்த வேலைக்கு வந்தவள். நிரந்தரமாகப் போகிறவர்களின் பெயர்களை அன்று மாலை மேலே அனுப்பப்போவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். நிரந்தரமானால் குடும்பத்துக்கே மருத்துவ அட்டை கிடைக்கும். லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது; குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடிக்கிறார். ஆபரேஷன் அந்த அட்டைக்காகத்தான் காத்திருந்தது. காலையில் கிளம்பும்போது அவர், "இன்னைக்கு யார்கிட்டயும் வாய் கொடுக்காத. சொன்னதச் செஞ்சிட்டு வா" என்று சொல்லி அனுப்பினார்.

அவர் சும்மா சொல்லவில்லை. போன மாதம் ஒரு பெட்டியில் ஏதோ சந்தேகம் தட்ட, மேற்பார்வையாளர் வந்து பார்க்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அது வெறும் சந்தேகமாகவே போயிற்று. அசரீரியின் கம்பெனி தாமதம் என்று புகார் அனுப்ப, அவள் பெயருக்கு ஒரு கரும்புள்ளி விழுந்தது. இன்னொன்று விழுந்தால் வேலையே இருக்காது. சூடு கண்ட பூனையாகத்தான் அன்றைக்கு உள்ளே நுழைந்திருந்தாள்.

ஹெட்போனில் அழைப்பு வந்தது. கடைசிச் சந்தில் ஒரு பெட்டியில் டிஸ்க் மாற்ற வேண்டும், நீலம் போட்டிருக்கிறேன் என்றார் அசரீரி. அவள் புது டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் மண்டியிட்டாள். தகவல்களைச் சேமித்து வைக்கும் பன்னிரண்டு டிஸ்க்குகள் புத்தகங்கள்போல் செருகியிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விளக்கு. ஒன்றின் அடியில் ஆரஞ்சு. நீலமோ அதற்கு வலதுபக்கத்து டிஸ்க்கின் அடியில் எரிந்தது.

இந்தப் பெட்டியில் ஒரு டிஸ்க் செத்தால் மற்றவை சேர்ந்து சுமையைத் தாங்கும். இரண்டாவதும் போனால் பெட்டியே படுத்துவிடும்.

"சார், ஆரஞ்சு ஒண்ணுல எரியுது. நீலம் அதுக்கு அடுத்ததுல எரியுதே" என்றாள்.

"ஆரஞ்சு பழைய எச்சரிக்கையா இருக்கும், அழிக்காம விட்டிருப்பாங்க. நீலம் எங்க எரியுதோ அதை எடுங்க."

அப்படியும் நடப்பதுண்டு. சரிசெய்த பின்னும் ஆரஞ்சு நாள்கணக்கில் எரிந்த பெட்டிகளை அவளே பார்த்திருக்கிறாள். இருந்தாலும் கை போகவில்லை.

"மேடம், போன தடவையும் உங்களாலதான் லேட் ஆச்சு" என்றது குரல். கோபமே இல்லாத, மரியாதையான குரல்.

அவள் நீலம் எரிந்த டிஸ்க்கின் பிடியை அழுத்தி உருவினாள்.

பச்சைகள் ஒவ்வொன்றாக ஆரஞ்சாயின. பெட்டி விடாமல் கூவத் தொடங்கியது. அசரீரி, லைனில் இருங்கள் என்று சொல்லி, காதில் ஏதோ பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடைய திரை டிஸ்க்குகளை ஒன்றிலிருந்து எண்ணும். இந்தப் பெட்டி பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதனால் நீலம் ஓரிடம் வலதுபக்கம் தள்ளிப்போய்விட்டது.

உருவிய இடம் காலியாக இருந்தது. அதன் அடியில் நீலம் மட்டும் விடாமல் எரிந்தது. இது எரிகிறவரை எனக்குச் சாட்சி இருக்கிறது என்று நினைத்தாள். படம் எடுக்கலாம் என்றால் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சந்தின் முனையில் கேபிள் கட்டிக்கொண்டிருந்த அண்ணனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவரும் ஒப்பந்த ஆள்தான், அவள் பெயரோடு அவர் பெயரும் மேலே போகவிருந்தது. வழக்கமாகக் கிண்டலோடு வருகிறவர், பெட்டியைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அண்ணே, நீலம் எங்க எரியுதுன்னு பாத்துக்கங்க."

"நீ எடுத்த இடத்துலதான் எரியுது, தங்கச்சி. பயப்படாத, நான் பாத்துட்டேன்" என்றார்.

சந்தின் மறுமுனையில் கதவு திறந்தது. மேற்பார்வையாளர் வேகமாக வந்துகொண்டிருந்தார். அவள் எழுந்து, அவருக்குத் தெரியட்டும் என்று ஒதுங்கி நின்றாள். அவர் பெட்டிக்கு வருவதற்குள் நீலம் அணைந்தது. அடுத்த நொடி இடப்பக்கம், ஆரஞ்சு டிஸ்க்கின் அடியில் எரிந்தது.

அங்கே திரையில் அசரீரி இடத்தை மாற்றிவிட்டார்.

மேற்பார்வையாளர் நீலத்தைப் பார்த்தார். அவள் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தார். அவள் திக்கித் திணறி நடந்ததைச் சொன்னாள். பேசியது பதிவாகியிருக்குமே என்றாள். அந்தப் பதிவு அவர்கள் கம்பெனியில் இருக்கிறது, நாம் கேட்க முடியாது என்றார். கேமராவைக் காட்டினாள். அதில் உன் முதுகுதான் தெரியும் என்றார். பிறகு கேபிள் அண்ணன் பக்கம் திரும்பி, நீ பார்த்தாயா என்று கேட்டார்.

அண்ணன் கையிலிருந்த கேபிளை முறுக்கிக்கொண்டே இருந்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"நான் இப்பதான் வந்தேன் சார். இப்ப எரியற இடத்தத்தான் பாத்தேன்."

மேற்பார்வையாளர் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கும். அடையாள அட்டையை வாசலில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றி அண்ணனின் தலையில் மாட்டினார். அப்போதும் அதற்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றிருக்க வேண்டும், அண்ணன் சட்டென்று நிமிர்ந்து நின்றார்.

"ஆமா சார். எரியுது சார்" என்றார். பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டார். கையைப் பிடிவரை கொண்டுபோனவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"சார், நீலம் இதுலதான் எரியுது… இதையே எடுத்துடலாமா சார்?" என்று இன்னொரு முறை கேட்டார். அப்புறமும் கேட்டார்.

அவள் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அந்தக் குளிரிலும் அவள் உருவிய நல்ல டிஸ்க் உள்ளங்கையில் இன்னும் சூடாக இருந்தது.